நர்மதா தப்பாகப் பூட்டிய வயர்

மணலி விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டில் நர்மதா பத்தொன்பது வருடமாக எலக்ட்ரீஷியன். வெளிநாட்டுக்குப் போகிற இறாலும் கணவாயும் குளிர்ப்பெட்டிகளில் வந்து அங்கே வரிசையாக நிற்கும். கப்பல் வரும்வரை பெட்டிகளுக்குக் கரண்டு கொடுப்பதும், உள்ளே மைனஸ் பதினெட்டு இருக்கிறதா என்று பார்த்து எழுதுவதும் அவள் வேலை. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவள். அந்த வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்தி இப்போது தண்டையார்பேட்டையில் அழகுநிலையம் வைத்திருக்கிறாள்.

இத்தனை வருடத்தில் ஒரு வயரைக்கூடத் தப்பாகப் பூட்டியதில்லை என்பது நர்மதாவின் பெருமை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடந்துகொள்வாள். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் பந்தலுக்குப் பின்னால் போய் ஜெனரேட்டர் வயரைப் பார்ப்பாள். "இன்னா இது, இம்மாம் கலீஜா கீது" என்று முனகிக்கொண்டே கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து நாலு இடத்தில் சுற்றிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவாள்.

அவள் புருஷன் டில்லிபாபு டிரெய்லர் ஓட்டுகிறவன். துறைமுகத்துக்கும் யார்டுக்கும் இடையில் பதினாறு வருடமாகக் கண்டெய்னர் இழுத்ததில் அவனுடைய வலது உள்ளங்கை ஹாரன் பட்டனுக்கென்றே ஆகிவிட்டது. வீட்டில் சோறு வர நேரமானால் அந்தக் கை தானாகப் போய்த் தட்டின் நடுவில் அழுத்தும்.

இந்த இருவரின் வாழ்க்கையிலும் குறுக்கே வந்து நின்றது ஓர் அம்பாசடர் கார். ராயபுரத்தில் ஆறுமுகநயினார் என்பவருடையது.

ஆறுமுகநயினாருக்கு எழுபத்துமூன்று வயது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜெண்டாக நாற்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதோ ஒருமுறை அவருடைய இறால் பெட்டி ஒன்று யார்டில் ஓடாமல் நின்றுவிட்டது. மூன்று பேர் பார்த்துக் கைவிட்டார்கள். நர்மதா வந்து பிளக்கைக் கழற்றி, உள்ளே தேங்கியிருந்த உப்புத் தண்ணீரைத் துடைத்து, திரும்ப மாட்டினாள். பெட்டி ஓடியது. மின்சாரம் என்பதை உண்மையாக அறிந்தவள் இந்தப் பூமியில் இவள் ஒருத்திதான் என்று அன்றைக்கு அவர் முடிவு கட்டினார். அதற்கப்புறம் மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை போன் வந்தது.

"நர்மதாவா? நான் ஆறுமுகநயினார் பேசுதேன். கார் ஒண்ணு கெடக்கு. அது ஓடணும்."

"சார், நா கார் வேலை பாக்கறவ இல்ல சார். எனக்கு அது தெரியாது."

"ரொம்ப சந்தோசம். காலையில ஒம்பது மணிக்கு வந்துரு."

சந்தோசப்பட இதில் என்ன இருக்கிறது என்று புரியாமலே மறுநாள் காலை அவள் ராயபுரம் போனாள்.

மாதாகோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கில், தார்ப்பாய்க்கு அடியில் கார் இருந்தது. 1960ஆம் வருடத்து அம்பாசடர். ஆறுமுகநயினார் தார்ப்பாயை விலக்கியது, கைக்குழந்தையின் முகத்தில் மூடிய துணியை விலக்குகிற மாதிரி இருந்தது. வங்கக்கரைப் பழங்கார் ரசிகர் சங்கம் என்று ஒன்று புதிதாகக் கிளம்பியிருந்தது. இன்னும் ஐந்து வாரத்தில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பழைய கார்களின் ஊர்வலம். எண்ணூரில் ஒரு நடுவர் ஒவ்வொரு காரையும் திறந்து பார்த்து மார்க் போடுவார்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் ஆறுமுகநயினார். "இது அறுபதுல பொறந்த வண்டி. அறுபதுல பொறந்த சாமான்தான் உள்ள போவணும். வேற வருசத்துச் சாமானை இதுகூடச் சேக்கப்பிடாது."

சம்பந்தம் பேசுகிற குரல் அது. இதற்கு முன் மூன்று மெக்கானிக்குகள் வந்து போயிருந்தார்கள். மூன்றாமவர் எண்பத்தெட்டாம் வருடத்து நட்டு ஒன்றைப் போட்டதற்காக விரட்டப்பட்டார். நட்டுக்கு எப்படி சார் வருடம் தெரியும் என்று அவர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விதான் பெரிய குற்றமாகிப் போனது.

நர்மதா பானட்டைத் திறந்து அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நினைத்த அளவுக்கு அது கஷ்டமாக இல்லை. பேட்டரியின் கரண்டு காயில் என்கிற டப்பாவுக்குப் போய்ப் பல மடங்கு பெருகுகிறது. பெருகிய கரண்டை டிஸ்டிரிபியூட்டர் வாங்கி நாலு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கிறது. தெருக்குழாயில் நாலு வீட்டுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரிதான். இந்தக் காரில் அந்த டிஸ்டிரிபியூட்டரின் நடுத்தண்டு தேய்ந்து ஆடியது. அதனால் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் முறைக்கு முன்பே வந்தது. இன்னொரு வீட்டுக்கு வரவேயில்லை.

"இது மாத்தணும் சார்," என்று கத்தினாள்.

"மாத்து. ஆனா அறுபது."

மூன்று வாரம், வார விடுமுறை நாளெல்லாம் நர்மதா அறுபதைத் தேடி அலைந்தாள். காசிமேட்டுக் காயலான் கடைகளில் துருப்பிடித்த குவியலுக்குள் முழங்கை வரை கைவிட்டாள். புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அறுவதா? அப்போ எங்க நைனாவுக்கே கல்யாணம் ஆவலம்மா" என்றார். முழுதாக ஒன்றும் அகப்படவில்லை. துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. உடம்பு 1972. அதற்கு மூடி இல்லை. மூடி 1984. மூடிக்குள் சுற்றுகிற ரோட்டார் 1968. தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயிண்ட் 1991. அதன் ஓட்டையை அரத்தால் ராவினால்தான் உட்காரும். கண்டன்சர் ஒரு ஷேர் ஆட்டோவில் இருந்தது. வருடம் தெரியாது. ஆட்டோக்காரருக்கும் தெரியாது.

நர்மதாவுக்குப் பொய் சொல்ல வராது. எல்லாவற்றையும் ஒரு செய்தித்தாளில் பரப்பி வைத்து ஆறுமுகநயினாரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"உடம்பு எழுவத்திரண்டு சார்."

"எனக்கு எழுவத்திமூணு. அதுக்கென்ன, நடையில கொறைச்சல் இல்லியே."

"அதில்ல சார். மூடி எம்பத்தி நாலு."

"மூடணும் மூடணும். மூடி வைச்சாத்தான் தூசி வராது."

"ரோட்டார் அறுவத்தி எட்டு!"

"அறுபதா? அப்படிச் சொல்லு!" என்று அவர் கைதட்டினார். "எல்லாம் அறுபதுதான?"

இன்னொரு தடவை உரக்கக் கத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அந்தச் செய்தித்தாள் மேல் குனிந்திருந்த விதம், அந்த முகம்! நர்மதாவின் தலை ஒரு தினுசாக ஆடியது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு டில்லிபாபுவையும் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் பூட்டினாள். ஒவ்வொன்றும் மற்றொன்றோடு சண்டை போட்டது. எண்பத்து நாலின் மூடி எழுபத்திரண்டின் உடம்பைவிட ஒரு நூல் உயரம், கிளிப் எட்டவில்லை. அறுபத்தெட்டின் ரோட்டார் முனை ஒரு நூல் குட்டை. தீப்பொறி தாண்டிக் குதிக்க வேண்டியிருந்தது. தொண்ணூற்றொன்றின் பாயிண்டை எவ்வளவு நெருக்கி வைத்தாலும் தீப்பொறி கொஞ்சம் தாமதமாகவே வந்தது.

"குடும்பம் நடத்தற மாறிகீது," என்றான் டில்லிபாபு.

"யோவ், டார்ச்ச ஒழுங்கா புடி."

கடைசியாக, காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குப் போகிற வயர் இற்றுப் போயிருந்தது. காரின் பழைய வயர்கட்டு துணி சுற்றியது. அதில் ஒரு காலத்தில் இருந்த நிறங்களெல்லாம் அறுபது வருட அழுக்கில் ஒரே டீத்தண்ணீர் நிறமாகியிருந்தன. ஒரு வயரின் முனை எதிலும் சேராமல் என்ஜின் பக்கம் தொங்கியது. சும்மாதானே கிடக்கிறது என்று நர்மதா அதன் முனையை டிஸ்டிரிபியூட்டரிலும், சற்றுத் தள்ளி உறையைச் சீவிக் காயிலிலும் கொடுத்துவிட்டாள்.

கார் ஸ்டார்ட் ஆனது. ஒருமாதிரி குலுங்கியபடி, இருமிக்கொண்டு, ஆனாலும் ஓடியது. ஆறுமுகநயினார் பின்சீட்டில் ஏறி மடியில் கைகோத்து உட்கார்ந்தார். டில்லிபாபு ஓட்ட, நர்மதா பக்கத்தில். தெருமுனை வந்தது. அங்கே ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி குறுக்கே நின்றிருந்தது. டில்லிபாபுவின் உள்ளங்கை, யாரையும் கேட்காமல், ஹாரனில் போய் உட்கார்ந்தது.

ஹாரன் சத்தம் வரவில்லை. என்ஜின் சத்தமும் நின்றுவிட்டது. கார் ஓசையில்லாமல் மிதந்து போனது. டில்லிபாபு திகைத்துக் கையை எடுத்தான்.

டமார்!

பின்னாலிருந்து வந்த அந்த வெடியில் மாதாகோயில் கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமும் எழும்பின. மீன்பாடி வண்டிக்காரர் வண்டியை விட்டுவிட்டு ஓடினார். பஜ்ஜிக் கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துவிட்டு, தன் மேல் தப்பில்லை என்று தெரிந்ததும் மெல்ல உட்கார்ந்தார். என்ஜின் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

நர்மதாவுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. அவள் எடுத்து இணைத்தது ஹாரன் வயர். அதன் மறுமுனை ஸ்டியரிங்குக்குள் ஏறிப் பட்டனில் முடிகிறது. பட்டனை அழுத்தினால் கரண்டு அந்த வழியாக வண்டியின் இரும்பில் இறங்கிவிடும், தீப்பொறி சாகும்; விட்டால் பிழைக்கும். நடுவில் எரியாமல் போன பெட்ரோல் எல்லாம் சைலன்சரில் சேர்ந்து ஒரே மூச்சில் பற்றிக்கொள்கிறது. பத்தொன்பது வருடத்தில் முதல் தப்பு. அதுவும் ஊரைக் கூட்டி வெடி வெடித்துச் சொல்கிற தப்பு.

"சார், மன்னிச்சிக்கோங்க சார். அஞ்சே நிமிசம். வயர மாத்திட்றேன்," என்று திரும்பினாள்.

பின்சீட்டில் ஆறுமுகநயினார் கண்களை அகல விரித்து உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இது ஹாரனா?"

"ஆமா சார், அதுல..."

"இதுதாம்மா அறுபது! இதத் தொட்டே, பாத்துக்க."

ஊர்வலத்துக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. நர்மதா அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. யார்டில் ஒவ்வொரு பிளக்கையும் மூன்று தடவை தொட்டுப் பார்த்தாள். டில்லிபாபுவோ தினமும் சாயங்காலம் ராயபுரம் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தான். "வண்டி ஓடும்போது அட்ச்சா வெடி. நிக்கும்போது அட்ச்சா அவுட்டு. அவ்ளோதான் மேட்டரு. சோக்கா கீது நர்மு," என்றான்.

ஊர்வல நாள் காலை இருபத்திரண்டு கார்கள் வந்திருந்தன. அம்பாசடரைத் தவிர எல்லாம் அடையாறு, நுங்கம்பாக்கம் பக்கத்துக் கார்கள். முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று. எண்ணூர் விரைவுச் சாலையைத் தேர்ந்தெடுத்தவர் சங்கத்தின் செயலாளர். ஒரு பக்கம் முழுக்கக் கடல், படம் எடுக்க நன்றாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். இன்னொரு பக்கம் என்ன இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். திருவொற்றியூர் தாண்டியதும் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் இரண்டு வரிசையாக நின்றிருந்தன. மூன்றாவது வரிசை உருவாகிக்கொண்டிருந்தது.

பழைய கார்கள் ஒவ்வொன்றாக வந்து வாலில் சேர்ந்தன. விதவிதமான ஹாரன்கள் அடித்தார்கள். ஒன்று வாத்து மாதிரி கத்தியது. ஒன்றில் ரப்பர் பந்தைப் பிதுக்கினார்கள். டிரெய்லர் ஓட்டுநர்கள் கீழே இறங்கி நின்று செல்போனில் படம் எடுத்தார்களே தவிர யாரும் வண்டியை ஓரம் கட்டவில்லை.

"இதெல்லாம் நம்ம பசங்கதான். இவனுங்களுக்கு ஹாரன்லாம் தாலாட்டு மாறி," என்றான் டில்லிபாபு. "நர்மு, காத பொத்திக்க."

"யோவ், வாணாம்யா. போலீசு நிக்கிறாங்க."

அவன் இரண்டாம் கியரில் வரிசைக்கு வெளியே காரை உருட்டினான். அழுத்தினான். விட்டான்.

டமார்!

முன்னால் இருந்த டிரெய்லரின் ஓட்டுநர் டயர் போய்விட்டதென்று நினைத்து வண்டியை அவசரமாக ஓரம் கட்டினார். அதற்கு முந்தையவரும் அப்படியே. இன்னொரு வெடி, இன்னும் நாலு டிரெய்லர் ஓரம். பதினாறு சக்கர வண்டியில் எந்தச் சக்கரம் என்று ஒவ்வொருவரும் குனிந்து தேடிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு பாதை திறந்தது.

ஒரு கான்ஸ்டபிள் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். நர்மதா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"இன்னாம்மா சத்தம் அது? வண்டிக்குள்ள இன்னா வச்சிகினுகீறீங்க?"

"ஹாரன் சார்," என்றாள் நர்மதா. வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஹாரனா? எங்க, அடி பாக்கலாம்."

அடித்தார்கள். கான்ஸ்டபிள் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். முன்னால் ஆறு டிரெய்லர்கள் ஒதுங்கியதைப் பார்த்தார். காலையிலிருந்து அந்த ஆறு டிரெய்லர்களோடுதான் அவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பிறகு பின்கதவைத் திறந்து ஆறுமுகநயினாருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"அப்படியே எர்ணாவூர் வரைக்கும் அட்ச்சிகினே போங்க," என்றார்.

இப்படியாக, குலுங்கியும் இருமியும் அந்த அம்பாசடர் முன்னே போக, பின்னால் இருபத்தொரு பளபளக்கும் கார்கள் வரிசையாகத் தொடர்ந்து எண்ணூர் போய்ச் சேர்ந்தன. வழியெல்லாம் குப்பத்துப் பிள்ளைகள் கடல் மணலில் ஓடிவந்தன. சாலையோரச் சிறுகோயில் ஒன்றின் வாசலில் ஒரு கல்யாண ஊர்வலம் தங்கள் அதிர்வேட்டு முன்கூட்டியே வெடித்துவிட்டதென்று நினைத்து மேளத்தை ஆரம்பித்துவிட்டது. ஆறுமுகநயினார் ஒவ்வொரு வெடிக்கும் தலையை ஆட்டினார், கச்சேரியில் உட்கார்ந்திருப்பவர் போல.

நடுவர் மெர்லின் என்ற அறுபது வயதுப் பெண்மணி. ராயபுரத்துக்காரர்தான். மோட்டார் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் முப்பது வருடம் கணக்கெழுதியவர். உதிரிபாகத்தின் மேல் கடுகளவு எழுத்தில் அச்சடித்திருக்கும் வருடத்தைப் படிக்க அவரிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. பானட்டுக்குள் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"எழுபத்திரண்டு," என்றார் உள்ளேயிருந்து. "எண்பத்து நாலு. இது என்ன, அறுபத்தெட்டா? ஐயோ. தொண்ணூற்றொன்று." நிமிர்ந்து நர்மதாவைப் பார்த்தார். "யாரும்மா பூட்டினது?"

"நாந்தான் மேடம்."

"இந்த ஒரு மூடிக்குள்ள எத்தனை ஆட்சி மாறியிருக்கு தெரியுமா? இந்த வண்டி எப்படிம்மா ஓடுது?"

"எனக்கும் தெர்ல மேடம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அசல்தன்மைக்கு நூற்றுக்குப் பூஜ்யம். தாளின் கீழே, 'ஹாரன்' என்ற இடத்துக்கு நேராக மெர்லின் ஒரே வார்த்தை எழுதினார்: 'கேட்டேன்.'

ஆறுமுகநயினார் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி கொண்டுவரவில்லை. நல்ல செய்தி என்றே அவர் நினைத்தார் போலிருக்கிறது. மெர்லினுக்குக் கைகூப்பி நன்றி சொன்னார்.

நர்மதாவுக்குத்தான் அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை. மறுநாள் மெர்லின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். தன் தப்பைச் சொன்னாள்; வயரையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு உள்ளே போய், எண்ணெய்க் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தார். உடம்பு, மூடி, ரோட்டார், பாயிண்ட், கண்டன்சர். எல்லாம் 1960. கிடங்கை மூடும்போது யாருக்கும் வேண்டாமென்று இருந்ததாம்.

"எடுத்துட்டுப் போ. அந்தக் கோலத்தை முதல்ல கழட்டு. என்னால ராத்திரி சாப்பிட முடியல," என்றார்.

அடுத்த ஞாயிறு நர்மதா எல்லாவற்றையும் கழற்றினாள். அறுபதைப் பூட்டினாள். ஒவ்வொன்றும் மற்றொன்றில் போய் உட்கார்ந்த அழகைப் பார்த்து அவளுக்கே கண் நிறைந்தது. வயரை மாற்றினாள். ஹாரன் வயரை ஹாரனில் சேர்த்தாள். என்ஜின் பூனை மாதிரி ஓடியது. கழற்றிய பழைய சாமான்களைக் காசிமேட்டுக் காயலான் கடையில் போட்டுவிட்டு வந்து ஆறுமுகநயினாரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தாள்.

"அடிங்க சார்!"

அவர் அழுத்தினார். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, ஆழமான, கனமான, 1960ஆம் வருடத்து ஹாரன் ஒலித்தது. நர்மதா சிரித்தாள். ஆறுமுகநயினார் சிரிக்கவில்லை. பட்டனை அழுத்தியபடியே காத்திருந்தார். ஹாரன் ஒலித்துக்கொண்டே இருந்தது.

"என்னம்மா, வரலியே?" என்றார்.

அவர் மனைவி பவானி வாசற்படியில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே சொன்னாள்:

"அவருக்குக் காது போயிப் பத்து வருசம் ஆச்சும்மா. இந்த வண்டிக்கு ஹாரன் போயி எட்டு வருசம். ஹாரன் போனது அவருக்குத் தெரியாது. அன்னைக்குத்தான் அவர் காதுல எதோ விழுந்துருக்கு. ரெண்டு வாரமா அதையேதான் சொல்லிட்டிருக்காரு."

ஆறுமுகநயினார் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு நர்மதாவைப் பார்த்தார். கோபம் இல்லை. ஏமாந்து போன முகம்.

"பழைய ஹாரனக் கொண்டாம்மா," என்றார்.

பூட்டின தப்பைத் திரும்பப் பூட்டுவதில் என்ன கஷ்டம் என்று நர்மதா நினைத்தாள். அதே வயர், அதே இடம். ஐந்து நிமிடம். டில்லிபாபு ஓட்டினான், அழுத்தினான், விட்டான்.

புஸ்.

அவ்வளவுதான். டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒன்று. மறுபடியும் அடித்தார்கள். புஸ். பஜ்ஜிக் கடைக்காரர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

நர்மதா தெருவோரம் உட்கார்ந்து யோசித்தாள். அறுபதின் சாமான் எல்லாம் ஒழுங்கு. தீப்பொறி நேரத்துக்கு வருகிறது; பெட்ரோல் சுத்தமாக எரிந்துவிடுகிறது; வெடிக்க எதுவும் மிச்சமில்லை. அந்த வெடிக்குத் தாமதமாக வருகிற தீப்பொறி வேண்டும். அதற்கு ஒரு நூல் உயரமான மூடியும் ஒரு நூல் குட்டையான ரோட்டாரும் ராவிய பாயிண்டும் வேண்டும். ஒன்றுகூட வேறு வருடமாக இருக்கக் கூடாது.

காசிமேட்டுக்கு ஓடினாள். உடம்பும் ரோட்டாரும் பாயிண்டும் குவியலில் போட்ட இடத்திலேயே கிடந்தன. கண்டன்சரைத் தராசுக் கல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். மூடி மட்டும் இல்லை.

"அத வியாசர்பாடி அசோகன் எட்த்துகினு பூட்டானே," என்றார் கடைக்காரர்.

அசோகன் அம்பாசடர் மேல் ஒலிபெருக்கி கட்டி விளம்பரம் சொல்லிக்கொண்டு போகிறவன். ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடிக்கு நடுவில் அவனை நர்மதா மடக்கினாள்.

"அண்ணே, உங்க வண்டி மூடிய எனக்குக் குடுங்க. எம்பத்தி நாலு. அதுக்குப் பதிலா புதுசு தரேன்."

அசோகன் மைக்கை அணைக்க மறந்துவிட்டான். "இன்னாம்மா, நல்ல மூடிய குட்த்துட்டு ஓட்ட மூடிய கேக்குற? இத்தப் போட்டதுலேந்து வண்டி மக்கர் பண்ணிகினே கீது!" என்று அவன் கேட்டது தெரு முழுக்கக் கேட்டது.

"அதாண்ணே எனக்கு வேணும்."

"தப்பா ஓடணுமா?"

"ஆமாண்ணே. அதே மாறி தப்பா."

ஒலிபெருக்கியில் பானட் திறக்கும் சத்தம். பிறகு மூடியைக் கழற்றும் சத்தம்.

அன்றைக்குச் சாயங்காலம் நர்மதா தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தப்பை ஒழுங்காகச் செய்தாள். எதையும் சரிக்கட்டாமல், எண்பத்து நாலை எழுபத்திரண்டின் மேல் கோணலாக வைத்து, கிளிப்பை நூல்கயிற்றால் கட்டினாள். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டிய அதே வயரை இன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு பூட்டினாள். முனையைத் துடைத்து, வெள்ளீயம் வைத்து, டேப்பும் சுற்றினாள். கை பழக்கம், விடவில்லை.

இந்தத் தடவை டில்லிபாபு இறங்கிக்கொண்டான். ஆறுமுகநயினாரே ஓட்டினார். பவானி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, தவிடு படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறினாள். கார் தெருமுனைக்குப் போனது. ஒரு கணம் என்ஜின் சத்தம் நின்றது.

டமார்!

புறாக்கள் எழும்பின. கார் திரும்பி வந்து நின்றபோது பவானி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறுமுகநயினார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"கேட்டுச்சு," என்றார். ரகசியம் சொல்கிற குரலில். அவர் மெதுவாகப் பேசி நர்மதா கேட்டது அதுவே முதல் தடவை.

பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மெர்லின் காரணம் கேட்டார். நர்மதா நடந்ததைச் சொன்னாள். அவர் பொட்டலத்தை வாங்காமல் கொஞ்ச நேரம் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சங்கத்துல சொல்லிடாத," என்றார் கடைசியில். "எங்க தெருவுக்கு வந்தா மட்டும் அடிக்கச் சொல்லு. ஜன்னலுக்கு வரேன்."

இப்போதெல்லாம் ஞாயிறு காலை ஆறுமுகநயினாரும் பவானியும் காசிமேட்டுக்கு மீன் வாங்கக் காரில் போகிறார்கள். தெருமுனைக்கு அவர்கள் வருகிற நேரம் எல்லோருக்கும் தெரியும். பஜ்ஜிக் கடைக்காரர் அடுப்பைச் சிறிதாக்குவார். மீன்பாடி வண்டிக்காரர் முன்கூட்டியே ஓரம் போய்விடுவார். தூங்குகிற குழந்தை உள்ள வீடுகளில் கதவைச் சாத்துவார்கள்.

போன ஞாயிறு நர்மதா ஓவர்டைம் வேலைக்குப் போக ஷேர் ஆட்டோவில் கல்மண்டபம் தாண்டிக்கொண்டிருந்தாள். தூரத்தில் டமார் என்று கேட்டது. ஆட்டோவில் இருந்த ஏழு பேரும் குனிந்தார்கள். நர்மதா மட்டும் குனியாமல், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாயிண்டை இன்னும் ஒரு நூல் நெருக்கியிருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும் என்று தோன்றியது.